மின்சாரத்தைத் தொடாதே என்றால் போதுமா?

‘நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா?’ என்று பெரியோர் கேட்பதுண்டு. ஆயினும், பெண்பிள்ளைகள் மின்சாரம் என்று சொன்ன மாத்திரத்திலேயே வீட்டிலுள்ளோர் கை வெந்துவிட்டதைப் போலப் பதறுவதை இவ்வாண்டு நாங்கள் கண்ணாரக் கண்டோம். பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் ஒன்று சேர்ந்து, பள்ளியின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு டெஸ்லா சுருள் செய்யப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். மறுநாள் காலையிலேயே எங்களுள் ஒருத்தியின் தந்தையார் பள்ளிக்கு வந்துவிட்டார். மற்றொருத்தியின் பாட்டி இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. (இந்த இரண்டாவது செய்தி சற்று மிகைப்பட்டது என்று அவளே பின்னர் ஒப்புக்கொண்டாள்.) பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்து பிறப்பது என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். எனினும், அந்த அச்சம் எங்களைக் காக்கின்றதா, அல்லது ஒன்றும் தெரியாதவர்களாக வைத்து மேலும் ஆபத்தில் விடுகின்றதா என்று கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு என எண்ணுகிறோம்.

முதலில் டெஸ்லா சுருள் என்பது யாது என்று கூறிவிடுகிறோம். நிக்கோலா டெஸ்லா 1856ஆம் ஆண்டில், இன்று குரோஷியா என வழங்கும் நாட்டிலுள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்காவிற் குடியேறிய பின், 1891இல் இச்சுருளை உருவாக்கினார். தெருமுனையில் நாம் காணும் மின்மாற்றிக்குள் இரும்பு உள்ளகம் உண்டு. டெஸ்லாவின் சுருளில் அது கிடையாது. உள்ளே இருப்பது வெறும் காற்றே. வெளியே சில சுற்றுகள் மட்டும் கொண்ட தடித்த கம்பி. உள்ளே பல நூறு சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பி. தடித்த கம்பியில் மின்னோட்டம் மிக விரைவாக முன்னும் பின்னுமாக ஊசலாடும். அந்த ஊசலின் வேகமும், மெல்லிய சுருளுக்கு இயல்பாக அமைந்த ஊசல் வேகமும் ஒத்துப் போய்விட்டால், மெல்லிய சுருளின் நுனியில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

இது எங்களுக்குப் புரிந்தது புத்தகத்தாலன்று, கோயில் மணியால்தான். எங்கள் பள்ளியை அடுத்த கோயிலில் பெரிய மணியை அடிப்பவர் மெலிந்த உடலுடைய முதியவர். பலசாலி ஒருவர் வந்து ஓங்கி ஒரே இழுப்பாக இழுத்தாலும் அந்த மணி பேசாது. பெரியவரோ மணி திரும்பி வரும் நேரம் பார்த்துச் சிறு சிறு இழுப்பாக இழுக்கிறார். ஐந்தாறு இழுப்பில் ஊருக்கே கேட்கிறது. அவர் கை செய்வதையே ஒன்பது வோல்ட் மின்கலத்தைக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்கிறது. ஆனால் நொடிக்குப் பத்து இலட்சம் தடவைக்கும் மேலாகச் செய்கிறது.

நாங்கள் செய்தது மிகச் சிறியது. உண்மையைச் சொன்னால், அதனை முழு டெஸ்லா சுருள் என்பதும் சரியன்று. டெஸ்லாவின் அமைப்பில் உயர் அழுத்த மின்மாற்றி, மின்தேக்கி, பொறி பாயும் இடைவெளி எல்லாம் உண்டு. எங்களிடம் இருந்தவை ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு, ஒயரிங் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு, கம்பி, மின்கலம் ஆகியவையே. சுவரிலுள்ள பிளக்கில் எதையும் செருகுவதில்லை என்பது எங்கள் விஞ்ஞான ஆசிரியை இட்ட முதல் நிபந்தனை. அவர் உடனில்லாமல் மின்கலத்தை இணைப்பதில்லை என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் நாங்கள் ஒரு நாளும் மீறவில்லை.

இதற்குத்தான் அவ்வளவு எதிர்ப்பு. ஆனால் அதே வீடுகளில் காலை ஐந்தரை மணிக்கு எங்களை எழுப்பி, ஈரக் கையோடு மிக்ஸியைப் போடச் சொல்பவர் யார்? கிரைண்டரைக் கழுவுவது யார்? வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மோட்டார் சுவிட்சைத் தட்டுவது யார்? சீருடைக்கு இஸ்திரி போடுவது யார்? இவை அனைத்தும் 230 வோல்ட்டில் ஓடுபவை. உயிரைக் குடிக்க வல்லவை. அவற்றை இயக்க நாங்கள் தகுதி பெற்றவர்கள். ஒன்பது வோல்ட் மின்கலத்தோடு நான்கு கம்பிகளை இணைக்க மட்டும் தகுதியற்றவர்கள்! எங்களுள் ஒருத்திக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி இருக்கிறான். அவன் சால்டரிங் அயன் கேட்டபோது அவன் தந்தையார் மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுத்தார், மகள் அதைத் தொட்டபோது, “உனக்கெதற்கம்மா இது? கையைச் சுட்டுக்கொள்வாய்” என்றார். அவள் அன்று காலையில்தான் தோசைக் கல்லில் கையைச் சுட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்திருந்தாள். அதைப் பற்றி வீட்டில் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கம்பி வாங்கிய கதையையும் சொல்லத்தான் வேண்டும். எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது பதினைந்து கிராம். கடைக்காரர் சிரித்துவிட்டு, நூறு கிராமுக்குக் குறைந்து நிறுத்துத் தர இயலாது என்றார். யாருக்கு வேண்டும் என்று கேட்டார், எங்களுக்கே என்றோம், “அண்ணனுக்கா?” என்று மறுபடியும் கேட்டார். நால்வரில் ஒருத்திக்கும் அண்ணன் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் சுற்றத் தொடங்கினோம். குழாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர். அதன்மேல் முந்நூறு சுற்று. ஒரு சுற்றை ஒட்டி அடுத்த சுற்று, நடுவே இடைவெளியும் இராது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. ஒருத்தி குழாயை உருட்ட, ஒருத்தி கம்பியை இழுத்துப் பிடிக்க, ஒருத்தி விரலால் ஒதுக்கிக் கொடுக்க, நான்காமவள் எண்ணினாள். எண்ணிக்கை தவறிவிடுகிறது என்று அவள் தன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். சுற்றுக்கு ஒரு மணி. ஐந்து பத்துமணி முடிந்தால் ஐம்பது சுற்று. ஆறு ஜெபமாலை முடிந்தால் முந்நூறு. அவ்வழியே வந்த அருட்சகோதரி ஒருவர், “ஜெபிக்கிறீர்களா, எண்ணுகிறீர்களா?” என்று கேட்டார். “இரண்டுந்தான் சிஸ்டர்” என்றாள் அவள். அது முழு உண்மை. ஏனெனில் 180ஆவது சுற்றில் கம்பி முறுக்கு விழுந்து அறுந்தபோது நால்வரும் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஜெபிக்கத்தான் செய்தோம்.

இரண்டாம் முறை அறுபடாமல் முடிந்தது. தையல் வகுப்பில் எங்களை ஏசி ஏசி நூலைச் சீராக இழுக்கப் பழக்கிய ஆசிரியைக்கு இங்கு நன்றி கூறுகிறோம். அந்தப் பழக்கம் இல்லாவிடில் இது நடந்திராது. தையல் கைக்கும் மின்சுருள் சுற்றும் கைக்கும் வேற்றுமை இல்லை என்பதைச் சுற்றிப் பார்த்தவர்களே அறிவர். டெஸ்லாவும் இதை ஒப்புக்கொள்வார் போலும்! தம் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, தம் தாயாரே முதல்தரமான கண்டுபிடிப்பாளர் என்றும், வீட்டு வேலைக்கான கருவிகளைத் தாமே செய்துகொண்டவர் என்றும், தாமே நூற்ற நூலில் அழகிய வேலைப்பாடுகளை நெய்தவர் என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். உலகத்தின் வாய்ப்புகள் கிட்டியிருந்தால் அந்த அன்னை பெரும் சாதனைகள் புரிந்திருப்பார் என்பதும் மகனின் கருத்து. அன்னையின் கருவிகள் வீட்டோடு நின்றன. மகனின் பெயரோ 1960இல் காந்தப் புலத்தின் அளவுக்குரிய அலகாகவே ஆயிற்று.

எல்லாவற்றையும் இணைத்து மின்கலத்தைப் பொருத்தினோம். ஒன்றும் நிகழவில்லை. டிரான்சிஸ்டர் மட்டும் தொட முடியாதபடி சுட்டது. பாடப் புத்தகத்தில் சோதனைகள் தோற்பதே இல்லை. ‘காண்பது’, ‘முடிவு’ என்று இரண்டு வரியில் எல்லாம் சுபமாக முடிந்துவிடும். இங்கோ இரண்டு நாள் விழித்துக்கொண்டிருந்தோம். கம்பியின் நுனியிலுள்ள எனாமலை உப்புத்தாளால் சரியாகத் தேய்க்கவில்லை என்பது முதலில் தெரிந்தது. பார்வைக்குச் செம்பைப் போலவே இருக்கும் அந்தப் பூச்சு மின்சாரத்தை விடாது. அதைத் தேய்த்த பின்பும் பயனில்லை. பிறகுதான், தடித்த கம்பியின் இரு முனைகளையும் மாற்றி இணைத்துப் பார்க்கலாமா என்று எங்களுள் மிகவும் குறைவாகப் பேசுகிறவள் கேட்டாள். மாற்றினோம். ஒரு சுருளின் ஊசல் மற்றதன் ஊசலுக்குத் துணை போக வேண்டும். நாங்கள் அதுவரை மணி வரும்போது தள்ளிக்கொண்டிருந்தோம். எல்.இ.டி. மங்கலாக எரிந்தது. ஆசிரியை தம் கைப்பையிலிருந்து ஒரு பழைய சி.எப்.எல். பல்பை எடுத்துச் சுருளின் அருகே கொண்டு வந்தார். எந்தக் கம்பியும் தொடாமல், அவர் கையிலேயே, அது வெளிறிய ஒளி வீசியது. நாங்கள் கூச்சலிட்டதைக் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது.

அந்த இரண்டு நாளில் நாங்கள் படித்த ஓம் விதியை ஆண்டு முழுவதும் படிக்கவில்லை என்று துணிந்து சொல்வோம். 22,000 ஓம் மின்தடையின் வழியே டிரான்சிஸ்டருக்குள் எவ்வளவு மின்னோட்டம் செல்லும் என்று கணக்கிட்டோம். ஒரு மில்லி ஆம்பியரில் பாதிகூட இல்லை. அந்தச் சிறு ஓட்டம் அதைவிடப் பன்மடங்கு பெரிய ஓட்டத்தைத் திறந்து விடுகிறது என்பதையும், சுருள் ஊசலாடாதபோது அந்தப் பெரிய ஓட்டம் வீணே வெப்பமாகிறது என்பதையும், சுட்டுப்போன டிரான்சிஸ்டரே எங்களுக்குக் கற்பித்தது. பொதுத் தேர்வு ஆண்டில் இது தேவையா என்று கேட்ட பெற்றோருக்கு இதுவே எங்கள் விடை.

இங்கே மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்களுள் ஒருத்திக்குப் பெரிய சுருள் மீது ஆசை. முழ நீளத்துக்கு ஊதா நிறப் பொறி பாய வேண்டும் என்கிறாள். மற்ற மூவரும் அதற்கு உடன்படவில்லை. இக்கட்டுரையிலும் உடன்பட மாட்டோம். பெரிய சுருளை இயக்கும் மின்மாற்றிகள் பல்லாயிரம் வோல்ட் தருபவை. பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய மின்மாற்றியோ இரண்டாயிரம் வோல்ட்டளவு தருவதோடு, மின்னோட்டத்தையும் தாராளமாகத் தருவது. ஒரு முறை பட்டால் மறு முறை என்பது கிடையாது. மின்தேக்கியோ பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றத்தை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருக்கும். ‘உயர் அதிர்வெண் மின்சாரம் தோலின் மேலேயே ஓடிவிடும், ஒன்றும் செய்யாது’ என்று சிலர் சொல்வதை நாங்களும் கேட்டோம். அது வீண் தைரியம். அவ்வளவு விரைவான ஊசலை நம் நரம்புகள் உணர்வதில்லை. ஆகவே அதிர்ச்சி தெரியாது. ஆனால் தசை வெந்துபோகும். வலிக்காத நெருப்பு, வலிக்கின்ற நெருப்பைவிடப் பொல்லாதது அன்றோ! டெஸ்லா 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அமைத்த மாபெரும் சுருளின் கீழே, தலைக்கு மேல் மின்னல்கள் பாய, அமைதியாக அமர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அது ஒரே தகட்டில் இரு முறை எடுத்த படம். பொறி பறந்தபோது அவர் அங்கு இல்லை. அவர் அமர்ந்தபோது பொறி இல்லை.

இவற்றையெல்லாம் நாங்கள் அறிந்தது எப்படி? சிறிய சுருளைச் செய்யத் தொடங்கியதால்தான். ‘தொடாதே’ என்ற ஒரு சொல்லோடு நின்றிருந்தால், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பது எங்களுக்கு என்றைக்கும் தெரிந்திராது.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கும் மின்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவரும் உண்டு. அவருக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி கிடைத்தது. டெஸ்லா சுருளுக்கு மூதாதை, தூண்டு சுருள் எனப்படும் கருவி. அதனை 1836இல் உருவாக்கியவர் ஒரு கத்தோலிக்கக் குரு! அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் பேராசிரியராக இருந்த அருட்தந்தை நிக்கோலஸ் காலன் என்பவரே அவர். புனித அல்போன்ஸ் லிகோரியாரின் நூல்களை மொழிபெயர்த்த கையால் அவர் செம்புக் கம்பியும் சுற்றினார். மின் அளக்கும் கருவிகள் இன்றுபோல் இல்லாத காலம் அது. அதிர்ச்சியின் வலிமையைக் குருமட மாணவர்களைக் கொண்டே சோதித்தார் என்றும், ஒரு மாணவர் மயங்கி விழுந்த பின் வான்கோழிகளுக்கு மாறினார் என்றும் சொல்வர். (எங்கள் ஆசிரியை எங்கள் மீது ஒரு நாளும் சோதிக்கவில்லை.) நம் நாட்டிலும், கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த இயேசு சபைக் குரு அருட்தந்தை லாஃபோனின் மாணவர்தாம் ஜகதீச சந்திர போஸ். மின்பொறியில் எழுந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை 1895இல் கல்கத்தாவில் ஒலிக்கச் செய்தவர் அவர். குருமார் தம் மாணவர்களுக்குக் கம்பியையும் கருவியையும் கொடுத்தார்கள். அம்மாணவர் யாவரும் ஆண்கள் என்பதைத் தவிர அதில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

பெண்களில் எவரேனும் உண்டா என்று தேடினோம். ஹெர்த்தா அயர்ட்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணியைக் கண்டோம். அக்காலத் தெருவிளக்குகளில் எரிந்த மின்வில் ‘உஸ்’ஸென்று சீறி நடுங்குவது ஏன் என்பதற்கு, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கரிக்கோலைத் தாக்குவதே காரணம் என்று கண்டறிந்தவர் அவர். 1899இல் இலண்டன் மின்பொறியாளர் நிறுவனத்தில் தம் கட்டுரையைத் தாமே வாசித்த முதற் பெண்மணியும் அவரே. 1902இல் ராயல் கழகத்திற்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண்ணைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1906இல், அதே கழகம் அவருக்கு ஹியூஸ் பதக்கம் வழங்கியது! பதக்கம் பெறலாம், உறுப்பினராக இயலாது. மிக்ஸி போடலாம், சால்டரிங் அயன் தொட இயலாது. ராயல் கழகம் முதன்முதலில் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1945இல்தான். அப்போது அம்மையார் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

கண்காட்சி நாளில் எங்களுக்கு மூலையில் ஓர் இடம் கிடைத்தது. இருட்டு வேண்டும் என்று சன்னலைக் கறுப்புத் துணியால் மூடினோம். நடுவராக வந்தவர் ஆர்வத்தோடு பார்த்துவிட்டு, “எந்தக் கடையில் வாங்கினீர்கள்?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இப்போது எல்லாம் ஆயத்தமாகப் பெட்டியில் கிடைக்கிறது. பெற்றோரே வாங்கித் தந்து, கையில் சூடு படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அன்று அங்கிருந்த மாதிரிகளில் பல, கடைக்காரர் தெர்மோகோலில் வெட்டிக் கொடுத்தவை. நாங்கள் எங்கள் முதல் சுருளை, அந்த 180 சுற்றோடு அறுந்ததை, மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினோம். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவர் அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

மாலையில், மடத்தில் ஓய்வு பெற்றிருக்கும் வயது முதிர்ந்த அருட்சகோதரி ஒருவர் வந்தார். பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவர். காது கேட்கும் கருவி அணிந்திருந்ததால், சுருளின் அலைகள் அதில் இரைச்சல் எழுப்பக்கூடும் என்று சொல்லி அவரை வாசலிலேயே நிற்கும்படி வேண்டிக்கொண்டோம். கற்பித்தவருக்கே பாடம் சொல்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. அவரோ, “நல்லது, தெரிந்து வைத்திருக்கிறீர்கள்” என்று தலையசைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே பல்பு ஒளிர்வதைப் பார்த்தார். “எங்கள் காலத்தில் இதைக் கரும்பலகையில் வரையத்தான் விட்டார்கள். நான் வரைந்து வரைந்தே ஓய்வும் பெற்றுவிட்டேன்” என்று சிரித்தார். எங்களால் அப்போது சிரிக்க முடியவில்லை.

நாங்கள் கேட்பவை பெரியவை அல்ல. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, ஆசிரியை ஒருவர் உடனிருக்க, சால்டரிங் அயனையும் மல்டிமீட்டரையும் எங்கள் கையில் தர வேண்டும். கெட்டுப்போகும் என்று அலமாரிக்குள் பூட்டி வைத்தாலும் கருவிகள் துருப்பிடிக்கத்தான் செய்யும். பெற்றோர், கடையில் வாங்கிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைக் கம்பிக்குக் கொடுத்தால் போதும். தம்பிக்கு வாங்கிய அயனை அக்காளும் தொடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவே பெரிது.

பள்ளிக்கு வந்து சண்டையிட்ட தந்தையாரைப் பற்றிச் சொல்ல மறந்தோம். உயிர் காக்கும் இ.எல்.சி.பி. என்னும் கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்று ஆசிரியை கூறியதைக் கேட்டு, நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டு மெயின் போர்டைப் பார்த்தோம். இருவர் வீட்டில் அது இல்லை. அவற்றுள் ஒன்று அவருடைய வீடு. மகள் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியன் வந்து பொருத்திவிட்டுப் போனார். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கும் வேலையை அவர் மகளிடமே விட்டார்.

வாங்கிய நூறு கிராம் கம்பியில் எண்பது கிராமளவு மீதி இருக்கிறது. ஆய்வகத்தின் இரண்டாவது அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருக்கிறோம். இன்னும் ஐந்து சுருள் சுற்றலாம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் எடுத்துக்கொள்ளலாம். நுனியை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு இணையுங்கள்.